ஒன்றுமில்லை என்ற பதில்

2023ஆம் ஆண்டின் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய், மே 29ஆம் தேதி இரவு அகமதாபாத்தில் தொடங்கி, 30ஆம் தேதி அதிகாலையில் முடிந்தது நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். அன்றிரவு நாங்கள் மூவர் பாளையங்கோட்டையில், விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூவரும் ஒரே கல்லூரியில் பணிபுரிகிறவர்கள். இருவர் தமிழ்த்துறை, ஒருவர் உடற்கல்வி இயக்குநர். எங்களோடு அதே பெஞ்சில், அச்சகத்தில் வேலைபார்க்கும் ஓர் இளைஞரும் இருந்தார். இரண்டு ஆண்டுகளாக அதே கடையில், அதே மூலையில் எங்களோடு ஆட்டம் பார்ப்பவர். பிறவியிலேயே காது கேளாதவர். நாங்கள் அவரைத் தம்பி என்போம்; அது அவர் செவியில் விழாது என்பதைப் பற்றி நாங்கள் அதுவரை யோசித்ததில்லை.

சாய் சுதர்சன் குஜராத் அணிக்காக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் குவித்திருந்தார். சென்னை அணிக்கு இலக்கு 215. மூன்றே பந்துகள் வீசப்பட்ட நிலையில் மழை கொட்டியது. நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தபோது திரையில் இலக்கு 171 என்றும், ஓவர்கள் 15 என்றும் மாறியிருந்தன. கடை முழுவதும் இதே பேச்சு. டக்வொர்த், லூயிஸ், ஸ்டெர்ன் என்னும் மூவரின் பெயரால் வழங்கும் அந்தக் கணக்கு முறை நியாயமா இல்லையா என்று ஆளாளுக்கு வாதிட்டோம். தம்பி எங்கள் தோளைத் தட்டினார். திரையில் உள்ள எண்ணைச் சுட்டி, கையை விரித்துப் புருவத்தைச் சுருக்கினார். 215 எப்படி 171 ஆயிற்று என்பது அவருடைய கேள்வி. எங்களில் ஒருவர் வாயைக் குவித்துக் கையை ஆட்டினோம். ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறோம்’ என்று அதற்குப் பொருள்.

கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஜடேஜா ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்ததும், கடைக்கார அண்ணாச்சி உட்பட எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டதும் தனிக்கதை. தம்பியையும் கட்டிக்கொண்டோம். அவரும் சிரித்தார். ஆனால் அதன்பின் பத்து நாட்கள் அவர் கடைப் பக்கம் வரவில்லை. வந்த அன்று, அச்சகத்துக் கழிவுத்தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்: “எல்லாரும் அரை மணி பேசினீர்கள். எனக்கு மட்டும் ஒன்றுமில்லையா?”

இலக்கியம் கற்பித்துப் பிழைக்கும் நாங்கள் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு முன் விடையின்றி நின்றோம். நாங்கள் சைகை மொழி கற்கத் தொடங்கியது அந்தத் தாளிலிருந்துதான். அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் வந்தடைந்த ஒரு கருத்தை வாசக நண்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம். சைகை மொழியைச் சேவையாகவும் தொண்டாகவும் கற்பதைவிட, சேர்ந்து மகிழ்வதற்காகவும் சேர்ந்து சண்டையிடுவதற்காகவும் கற்பதே நேர்மையானது என்பது அக்கருத்து.

விளையாட்டு கண்ணால் காணப்படுவது. காது கேளாதவருக்கு அதில் இழப்பு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களும் அவ்வாறே நினைத்திருந்தோம். கிரிக்கெட்டில் நடுவரே சைகையால்தானே பேசுகிறார்? இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினால் ஆறு, பக்கவாட்டில் இரு கைகளை நீட்டினால் வைடு, ஒரு கை மட்டுமென்றால் நோபால், உயர்த்திய முழங்காலைத் தொட்டால் லெக்பை. தெருவில் விளையாடும் சிறுவனுக்கும் இவை தெரியும். ஆனால் இவை குறிகள், மொழி ஆகா. ‘அந்தப் பந்தை அவர் தொடாமல் விட்டிருந்தால்’ என்று இந்தக் குறிகளைக்கொண்டு சொல்ல முடியாது. ‘நேற்று இதே இடத்தில் இதே தவற்றைத்தானே செய்தார்’ என்று அங்கலாய்க்க முடியாது. பார்வையாளனுக்கு விளையாட்டு என்பது பாதி ஆட்டம், மீதி ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. அந்த மீதியைத்தான் நாங்கள் இரண்டு ஆண்டுகளாக ஒருவருக்குத் தராமல், அவரைப் பக்கத்தில் அமர்த்தியிருப்பதையே பெருந்தன்மையாகக் கருதியிருந்தோம்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு இதன் விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அப்படியானால் ‘பாலை’யும் ‘மாலை’யும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும் என்பதை நாங்கள் ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை. ககரம் தொண்டைப் பக்கம் பிறப்பது. வெளியே பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே புலப்படாது. இவற்றோடு எங்களுடைய மீசையும், கையிலுள்ள தேநீர்க் குவளையும், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் பழக்கமும் சேர்ந்தால் உதட்டைப் படிப்பவர் நிலை என்னவாகும்?

பாளையங்கோட்டை கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். காது கேளாதோருக்கான பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்குத் தொடங்கப்பட்டது. ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் பெயரால் இன்றும் நடைபெறுகிறது. ஆகவே இவ்வூரில் பேருந்து நிறுத்தங்களிலும் கடைவீதியிலும் கைகளால் உரையாடுவோரைக் காண்பது புதிதன்று. நாங்கள் அனைவரும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆயினும் அவர்கள் பேசியது ஒரு மொழி என்பதை அறிய எங்களுக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

இந்த அறியாமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத மாணவருக்கு வாய்மொழிப் பயிற்சியே உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளில் சைகை மொழி ஓரங்கட்டப்பட்டது. 1960இல்தான் அமெரிக்கரான வில்லியம் ஸ்டோக்கி, சைகைக்கும் ஒலிமொழிக்குரிய உள்ளமைப்பு உண்டு என்று ஆய்ந்து எழுதினார். மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்து அதே மாநாட்டு மரபினர் வான்கூவரில் அறிக்கை வெளியிட்டது 2010இல். நூற்று முப்பது ஆண்டுகள்! நம் நாட்டில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் புதுதில்லியில் 2015இல் அமைந்தது. அது 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களை எட்டியது.

கற்கத் தொடங்கிய கதைக்கு வருவோம். வாரம் இருமுறை, மாலை வேளையில், கல்லூரி மைதானத்தின் படிக்கட்டில் வகுப்பு. ஆசிரியர் அச்சகத் தம்பி; துணைக்கு அவருடைய நண்பர்கள் இருவர். நாங்கள் மூவரும் மாணவர்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்கள் என்ற செருக்கு எங்களுக்கு இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடற்கைகளைப் பற்றிப் பேசுகிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்குத் தனி இயலே வகுத்திருக்கிறது. எங்களுக்கு இது எளிதாக வரும் என்று நம்பினோம். முதல் நாளே அந்த நம்பிக்கை உடைந்தது. ஆடற்கை அறிந்தவன் சைகை மொழி அறிந்தவன் ஆகான். யாப்பு அறிந்ததனால் கன்னடம் பேச வந்துவிடாது என்பதைப் போல.

கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம், உள்ளங்கை நோக்கும் திசை, முகத்தின் நிலை ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு சொல். இவற்றுள் ஒன்று பிசகினாலும் பொருள் பிசகும். லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்காக மாணவரை இருபது ஆண்டுகளாகக் கடிந்துகொண்ட நாங்கள், உள்ளங்கையைத் தவறான பக்கம் திருப்பியதற்காகத் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டோம். ‘நல்ல பந்துவீச்சு’ என்று சொல்ல முயன்று எதையோ சொல்லிவிட, மூவரும் படிக்கட்டில் உருண்டு சிரித்தார்கள். என்ன சொன்னோம் என்று கேட்டோம். தம்பி எங்களைப் பார்த்து, வாயைக் குவித்துக் கையை ஆட்டினார். ‘ஒன்றுமில்லை.’ பிறகு எங்கள் முகத்தைக் கண்டு மீண்டும் சிரித்து, பொறுமையாக விளக்கினார். நாங்கள் அவருக்கு விளக்கவில்லை. அவர் எங்களுக்கு விளக்கினார். இந்த வேறுபாட்டை இங்கே பதிவுசெய்வது கடமை.

இலக்கணம் எங்களை வியக்கவைத்தது. இந்தியச் சைகை மொழியில் வினாச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருகிறது, எதிர்மறையும் இறுதியில்தான். ‘இல்லை’யை இறுதியில் வைத்துப் பழகிய தமிழனுக்கு இது ஆங்கிலத்தைவிட இயல்பாகப் படுகிறது. ‘ஆனால்’ ‘ஆயின்’ என்று நாம் சொல்லால் உணர்த்தும் நிபந்தனையைப் புருவம் உணர்த்துகிறது. கைகளைச் சரியாக அசைத்து முகத்தை மரம்போல் வைத்திருந்தால், அது ஏற்ற இறக்கமின்றிப் பாடம் ஒப்பிப்பதற்கு ஒப்பாகும். எங்கள் முகங்கள் வகுப்பறையில் கடுகடுப்பாக இருந்தே பழகியவை. அவற்றை அசைக்கக் கற்பதே கையை அசைப்பதைக் காட்டிலும் கடினமாக இருந்தது.

பெயரிடும் முறை இன்னொரு சுவை. ஒவ்வொருவருக்கும் சைகைப் பெயர் உண்டு. அதைக் காது கேளாதோர்தாம் இட வேண்டும், நாமே சூட்டிக்கொள்வது முறையன்று. எங்களில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடியைத் தள்ளும் விரலே பெயராயிற்று. ஆட்டக்காரர்களுக்கும் அவ்வாறே. தம்பியின் குழுவில் தோனிக்கு வழங்கும் பெயர், கழுத்துவரை இறங்கும் நீள்முடியைக் காட்டும் கையசைவு. அந்த முடியை அவர் வெட்டி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, பெயர் நிலைத்துவிட்டது. குழுவில் பின்னர் சேர்ந்த பதின்வயதுப் பையனுக்கு நீள்முடித் தோனியைத் தெரியவே தெரியாது. அவனுக்கு அது வெறும் இடுகுறிப்பெயர். காரணப்பெயர் இடுகுறியாக மாறுவதை நன்னூலை வைத்துக்கொண்டு நாங்கள் கற்பித்திருக்கிறோம். அது எங்கள் கண்முன் நடப்பதைப் பார்த்தது அந்தப் படிக்கட்டில்தான்.

மற்றொரு மாலை, கால்காப்பில் பட்டு ஆட்டமிழந்த ஒரு முடிவைப் பற்றி விவாதம். பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது, எந்த உயரத்தில் பட்டது, ஸ்டம்புக்கு மேலே போயிருக்குமா என்று நாங்கள் வாய்மொழியில் ஐந்தாறு வாக்கியங்கள் செலவழித்தோம். தம்பி இடக்கையை நிமிர்த்தி ஸ்டம்பாக்கினார். வலக்கை விரலைப் பந்தாக்கினார். விழுந்த இடம், திருப்பம், உயரம், வேகம் எல்லாம் ஒரே வீச்சில் காற்றில் வரையப்பட்டன. விரல் இடக்கையின் மேற்புறத்தை உரசாமல் கடந்தது. மறுபேச்சுக்கு இடமில்லை. வெளியை இலக்கணமாகக் கொண்ட மொழிக்கு, வெளியில் நிகழும் விளையாட்டைப் பேசுவதில் இயல்பான மேன்மை உண்டு என்று அன்று ஒப்புக்கொண்டோம். அதுவரை நாங்கள் அவருக்குக் கொடுக்கப்போவதாக எண்ணியிருந்தோம். பெற்றுக்கொள்ளவும் நிறைய இருந்தது.

விளையாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் குனிந்து கூடித் திட்டமிடும் வழக்கம், 1890களில் வாஷிங்டனிலுள்ள காலடெட் கல்லூரியின் காது கேளாத மாணவர்களிடமிருந்து பரவியது என்று பரவலாகக் கூறப்படுகிறது. எதிரணியினருக்கும் சைகை தெரியும் என்பதால் தம் பேச்சை மறைக்க அவர்களுக்கு அந்த வட்டம் தேவைப்பட்டதாம். நாமோ அவர்களை ‘ஊமை’ என்றழைத்துக்கொண்டிருந்தோம். காது கேளாதோருக்கான உலகப் போட்டிகள் 1924இல் பாரிசில் தொடங்கின; நூறாண்டு கடந்து, 2025 நவம்பரில் டோக்கியோவில் நடைபெற்றன. அங்கே ஓட்டப் பந்தயம் துப்பாக்கி ஒலியால் தொடங்குவதில்லை, விளக்கொளியால் தொடங்குகிறது. 2022 மே மாதத்தில் பிரேசிலில் நடந்த போட்டியில் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா பூப்பந்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவ்வாண்டுக்கான அர்ச்சுனா விருதும் பெற்றார். அன்று மகிழ்ந்த தமிழரில் எத்தனை பேரால் அவருடைய ஆட்டத்தைப் பற்றி அவரிடமே அவருடைய மொழியில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க முடியும்?

எதிர்க் கருத்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசியே பேச்சை எழுத்தாக்கித் தருகிறதே, நாற்பது வயதில் இந்தச் சிரமம் ஏன் என்றார் எங்கள் துறை நண்பர் ஒருவர். கருவி நல்லதுதான், பயன்படுத்தவும் செய்கிறோம். ஆனால் தேநீர்க் கடையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது அது தடுமாறுகிறது. மேலும், எழுத்துத் தமிழ் என்பது பிறவியிலேயே காது கேளாதவர் பலருக்கு முயன்று கற்ற இரண்டாம் மொழி. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி அவரை எங்கள் மொழிக்குக் கொண்டுவருகிறது. எங்களை ஓரடியும் நகர்த்துவதில்லை. வாஷிங்டன் சுந்தர் ஒரு செவியில் மட்டுமே கேட்கும் திறன் உள்ளவர். களத்தில் சக ஆட்டக்காரர்கள் அதற்கேற்பப் பழகிக்கொண்டதை அவரே நேர்காணலில் சொல்லியிருக்கிறார். அருகில் நிற்பவர் நகர்ந்து கொடுத்தால் போதும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரண்டாவது கருத்து கனமானது. அவர்களுக்கென்று ஒரு கூட்டமும் களிப்பும் உண்டு. அரைகுறையாகக் கற்றுக்கொண்டு அங்கே நுழைவது அவர்களுக்குத் தொல்லை ஆகாதா? ஆகும். தொடக்கநிலை மாணவன் பிறர் நேரத்தைத் தின்கிறவன். அவனுக்காக எல்லோரும் கையை மெதுவாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எங்களுக்கு நாங்களே சில கட்டுப்பாடுகள் விதித்துக்கொண்டோம். அழைத்தால் மட்டும் அவர்கள் கூட்டத்தில் அமர்வது. புரியாதபோது புரிந்ததாகத் தலையாட்டாமல் இருப்பது. மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ மொழிபெயர்ப்பாளராக நடிக்காமல் இருப்பது. அதற்குப் பயின்றவர்கள் உண்டு, அரைகுறை அறிவு அங்கே ஆபத்து. ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் தவறு நேர்ந்தால் சிரிப்பு மட்டுமே விளையும். தொடக்கநிலையினனுக்கு விளையாட்டைக் காட்டிலும் பாதுகாப்பான பள்ளி இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

2024 ஐ.பி.எல். ஒளிபரப்பில் இந்தியச் சைகை மொழியில் வருணனை வழங்கப்பட்டது. தம்பியும் நண்பர்களும் அதைப் பார்த்த மாலையில் நாங்களும் உடனிருந்தோம். வருணனையில் பாதிகூட எங்களுக்குப் புரியவில்லை. அவர்கள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2023 மே மாதத்து இரவில் அவர் அமர்ந்திருந்த இடம் எது என்பது அப்போது புரிந்தது. தமிழுக்கு ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் இரண்டு தன்மைப் பன்மைகள் இருப்பதைப் பெருமையாகப் பேசுவோம். எதிரே இருப்பவரை விலக்குவது ஒன்று, சேர்த்துக்கொள்வது மற்றொன்று. நம் அரங்குகளும் கடைகளும் குடும்பக் கூடங்களும் காது கேளாதவரை எதிரே அமர்த்திக்கொண்டு இன்னமும் ‘நாங்கள்’ என்றே பேசிவருகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்குமேல் செவித்திறன் குறையுடையோர் எனப் பதிவுசெய்தது. ஐம்பது லட்சம் பேரோடு உரையாடக்கூடிய மொழி ஒன்றைக் கலைக் கல்லூரிகள் விருப்பப் பாடமாக வைக்கத் தயங்குவதற்குக் காரணம் ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 2021இலேயே பள்ளி அளவில் இதைப் பாடமாக்கிவிட்டது. உள்ளூர்ப் போட்டி நடத்துவோர் ஒலிபெருக்கியில் அறிவிப்பதை ஒரு பலகையிலும் எழுதி வைக்கலாம். செலவு ஒரு சுண்ணக்கட்டி. இவை நடக்கும்வரை காத்திராமல், பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் கற்கத் தொடங்கலாம்.

இறுதியாக ஒன்று. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அந்தப் பழைய கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்குக் கை பழகிவிட்டது என்று நம்பி, ஒரு மாலை தம்பியை உட்காரவைத்தோம். பத்து விரல்களை விரித்துப் பத்து விக்கெட்டுகள் என்றோம். மீதமுள்ள ஓவர்களும் மீதமுள்ள விக்கெட்டுகளும் சேர்ந்ததே ஓர் அணியின் கைமுதல் என்றோம். மழை ஓவர்களைத் தின்றால் கைமுதல் குறையும், அதற்கேற்ப இலக்கும் குறையும் என்றோம். இருபது நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை ‘மழை’ தவறாக வந்தது. தம்பி இறுதிவரை கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு, அந்தக் கணக்கை அடுத்த நாளே தன் நண்பர்கள் தனக்கு விளக்கிவிட்டதாகச் சொன்னார்.

‘பிறகு ஏன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்?’ என்று கேட்டோம்.

‘நீங்கள் சொல்லவில்லையே’ என்றார்.